கடி சரியில்லாத கணினி

வீட்டிலிருந்தே வேலை செய்யும் வரைபடக்காரர் ஒருவர் தன் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே பூட்டினார். அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டை, சுவருக்குச் சாயம் அடித்து, ஜன்னல் வழியாக வெயில் விழுகிற மாதிரி படமாக்கிக் காட்டுவது அவர் தொழில். அப்படி ஒரு படத்தை முடிக்கக் கணினிக்கு நல்ல திராணி வேண்டும். கடையில் பூட்டி விற்பதையே வாங்கிவிடுங்கள் என்று சொன்னவர் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. எதைப் பார்த்தாலும் அதில் என்ன விபத்து நடக்கும் என்றுதான் முதலில் யோசிப்பார். அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வரைபடக்காரர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கினார்.

இரண்டு நாளில் பூட்டி முடித்தார். பட்டனை அமுக்கியதும் ஓடியது. வீட்டிலிருந்த எல்லோரையும், அதாவது மனைவியை, கூப்பிட்டுக் காட்டினார். மனைவி பல் டாக்டர். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு கிளினிக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலையில் முதல் வேலை. ஒரு மாடி வீடு. படம் பாதி வந்தபோது கணினி தானாக அணைந்தது. திரும்பப் போட்டார். திரும்ப அணைந்தது. சூட்டை அளந்து காட்டும் நிரலைப் போட்டுப் பார்த்தால் பிராசஸர் தொண்ணூற்றெட்டு டிகிரியில் நின்றது. சும்மா இருக்கும்போதே ஐம்பத்தெட்டு. திரையில் அந்த வீட்டுக்குச் சமையலறை வரை சுவர் வந்திருந்தது. அதற்கு மேல் வீடு இல்லை.

முதலில் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினார். இரண்டு டிகிரி குறைந்தது. மேஜை விசிறியை எதிரில் வைத்தார். இன்னும் ஒன்று குறைந்தது. மேஜையிலிருந்த காகிதங்கள் பறந்தன. பெட்டிக்குள் கூடுதலாக இரண்டு ஃபேன் மாட்டினார். அதற்குப் பிறகு அவருடன் பேச வேண்டுமென்றால் அறைக்குள் வந்து, காதருகில் பேச வேண்டியிருந்தது. சூடு தொண்ணூற்று நான்கு.

அடுத்தது பேஸ்ட். பிராசஸருக்கும் அதன் தலைமேல் உட்காரும் கூலருக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள். சூடு அதன் வழியாகத்தான் மேலே ஏறும். தடவியது போதவில்லை போலிருக்கிறது என்று கூலரைக் கழற்றி, பழையதைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தாராளமாகத் தடவினார். தொண்ணூற்றேழு. மறுபடி கழற்றித் துடைத்துச் சிக்கனமாகத் தடவினார். தொண்ணூற்றேழு. ஆறு நாளில் ஐந்து முறை கழற்றி மாட்டினார். ஒரு நோட்டில் தேதி, நேரம், அறையின் சூடு, பிராசஸரின் சூடு என்று எழுதிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் எண்கள் இல்லை. "ஏன்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அக்காவுக்குப் போகும். அக்காவிடம் போனது சகலையிடம் போய்ச் சேரப் பத்து நிமிடம் அதிகம்.

பிராசஸரே பழுது என்ற முடிவுக்கு வந்து, அதைக் கழற்றி, மனைவி செயற்கைப் பல் வைத்துக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்துக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் மரியாதையானவர். அதைத் தன் போர்டில் மாட்டி, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினார். அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

"பிராசஸர் நல்லா இருக்கு சார். வீட்டுலதான் ஏதோ பிரச்சினை."

வரைபடக்காரர் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார். கடைக்காரர் வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பார் என்று தோன்றவே இல்லை. அன்றிலிருந்து வீட்டைச் சந்தேகிக்க ஆரம்பித்தார். ஜன்னலோரம் வெயில் என்று மேஜையைக் கூடத்துக்கு நகர்த்தினார். கூடத்தில் காற்றில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் படுக்கையறை, அதிலும் துணி பீரோவுக்கு முன்னால். அங்கே மேஜையைப் போட்டார்.

மறுநாள் காலையில் மனைவிக்கு கிளினிக் கோட்டு தேவைப்பட்டது. கோட்டு பீரோவுக்குள் இருந்தது. பீரோவுக்கு முன்னால் மேஜை, மேஜைமேல் திறந்து கிடக்கும் கணினி, அதன் முன்னால் புருஷன்.

"இது எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

பதினொரு நாளாக என்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நின்றபடியே நோட்டைப் புரட்டினாள். நோயாளிகளின் சீட்டைப் பார்க்கிற அதே வேகத்தில் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள்.

"அஞ்சு தடவை கழட்டியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் பேஸ்ட் எப்படிப் பரவியிருந்தது?"

"துடைச்சிட்டேன்."

"துடைக்கிறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?"

"துடைச்சுப் போடறதை யாராவது பார்ப்பாங்களா?"

காலையிலிருந்து மாலைவரை அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. முதல் நோயாளிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கைப்பையிலிருந்து நீல நிறத் தாள் ஒன்றை எடுத்தாள். கார்பன் தாள் மாதிரி, ஆனால் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. பல்லை அடைத்த பிறகு அதை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே படுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். படாத இடம் வெள்ளையாக நிற்கும்.

பேஸ்ட்டை ஒட்டத் துடைக்கச் சொன்னாள். பிராசஸர்மேல் தாளை விரித்து, கூலரை வைத்து, எப்போதும் போல ஸ்க்ரூக்களை முடுக்கச் சொன்னாள். அவர் முடுக்கினார். கழற்றச் சொன்னாள். கழற்றினார். தாளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பளபளவென்றிருந்த உலோகத்தின் ஒரு மூலையில், நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு நீலக் கீற்று. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

"ஒரு பக்கம்தான் கடிக்குது," என்றாள். "எதிர்ப் பக்கம் ஏதோ உயரமா இருக்கு. இப்படி இருந்தா எவ்வளவு பேஸ்ட் வச்சாலும் நிக்காது."

கூலர் நான்கு சிறு பித்தளைக் கால்கள்மேல் நிற்கிறது. வரைபடக்காரர் ஸ்கேலை எடுத்தார். நீலம் பட்ட மூலைக்கு எதிர்மூலையில் இருந்த கால், மற்ற மூன்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உயரம். அவருக்கு ஞாபகம் வந்தது. பூட்டும்போது ஒரு கால் கைதவறி உருண்டு எங்கோ போயிற்று. கூலர் டப்பாவில் வேறு வகைப் போர்டுக்கென்று இன்னொரு பொட்டலம் இருந்தது. பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் அதிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். ஒரு மில்லிமீட்டர் தப்பானாலும் சுவரைத் திருத்தி வரைகிறவர் அவர். படம் கேட்டு வரும் வீட்டுக்காரர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார்.

மனைவி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. மேஜையைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொல்லி, கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைக்குப் போய்ச் சரியான கால் ஒன்று கேட்டார். கடைக்காரர் எதற்கென்று கேட்டார். வரைபடக்காரர் உள்ளதைச் சொன்னார். கடைக்காரர் சிரிக்கவில்லை, உள்ளே போனார், வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று, வந்தபோது முகம் சிவந்திருந்தது. கால் மாற்றிய பிறகு சூடு அறுபத்து மூன்று. மாடி வீடு நாற்பது நிமிடத்தில் முழுசாக வந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சமையலறை சின்னதாக இருக்கிறது, மாற்றிப் போடுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது, அதுவும் தொண்ணூற்றெட்டு வரைக்கும்தான்.

"என்ன சகலை, இப்ப சூடு எப்படி?"

"அறுபத்து மூணு."

"என்ன பண்ணீங்க?"

வரைபடக்காரர் கொஞ்சம் யோசித்தார். தானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. மனைவி எதிர் நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தைப் புரட்டவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினேன்," என்றார்.

சகலை குரலைத் தாழ்த்தி, தன் வீட்டுக் கணினியும், கடையில் பூட்டி வாங்கியதுதான், இரண்டு வாரமாகத் தானாக அணைந்துபோகிறது என்றார். தன் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். வரைபடக்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க," என்றாள் அவள்.

சகலை தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பல் டாக்டர் பெட்டியின் கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஃபேன் தெரியவில்லை, தூசிதான் தெரிந்தது. இது தன் கேஸ் இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். வரைபடக்காரர் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சகலை பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். ஷாக் அடித்துவிடப்போகிறது, பார்த்து என்று நான்கு முறை சொன்னார்.