முதல் தீர்த்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு பங்குனித் திருவிழாவில், கறம்பக்குடிக்குக் கிழக்கே உள்ள காளி கோயில் சன்னதியில் நின்றவர்கள் நான்கு பேர். முதல் மரியாதைக்கு உரிய குழந்தைசாமி. அவருடைய மகள் செவந்தி, வயது பதினான்கு. அடுத்த மரியாதைக்காரரான பங்காளி சோலையப்பன். பூசாரி ராக்கன். மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். அவர்கள் பார்த்ததைவிடப் பின்னால் பேசியது அதிகம்.

இரண்டு வருடமாகக் குழந்தைசாமிக்கு மனம் சரியில்லை. தண்ணீரில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று நம்பினார். செவந்தி ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகே வீட்டில் தொண்டையை நனைப்பார். விஷயம் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் முதல் தீர்த்தத்தை அவர் எல்லார் முன்னும் வாங்கிக் குடித்தாக வேண்டும். மறுத்தால் ஐந்து தலைமுறை மரியாதை சோலையப்பன் வீட்டுக்குப் போய்விடும். மகள் முந்திக்கொண்டு கை நீட்டினாலும் முறை தவறியதாகிவிடும்.

அதனால் செவந்தி சன்னதியில் அப்பாவை ஒட்டியே நின்றாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இங்கிட்டு என்ன சோலி? அங்கிட்டுப் போயி ஒங்க ஆத்தாகூட நில்லு" என்றார் சோலையப்பன்.

"அப்பாவுக்குக் காச்ச, சித்தப்பா. தாங்கிப் புடிக்க வந்தேன்."

"காச்சக்காரரா? மீசைய முறுக்கிக்கிட்டுல்ல நிக்கிறாரு!"

பரிவட்டம் கட்டும்வரை குழந்தைசாமி அசையவில்லை. ராக்கன் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்ததும் அவருடைய விரல்கள் இறுக மூடிக்கொண்டன.

"ஐயா, கைய நீட்டுங்க."

"கலந்துட்டான்" என்றார், உதடு அசையாமல். பூசாரி காதில் விழுந்ததா? செவந்தி நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள்.

"அண்ணனுக்கு வேணாமாம். எனக்கு ஊத்துங்க பூசாரி." சோலையப்பன் அதற்குள் கையைக் குவித்திருந்தார்.

செவந்தி தன் உள்ளங்கையை அப்பாவின் கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

"நீங்க வாங்குங்கப்பா, போதும். மொதல்ல நான் குடிச்சுப் பாக்குறேன்" என்றாள் அவர் காதோடு.

விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ராக்கன் ஊற்றினார். அவள் குனிந்து, அப்பாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்பவள் போல, அதிலிருந்து ஒரு வாய் உறிஞ்சினாள். மஞ்சள் மணத்தது. அவர் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் நீர் சொட்டத் தொடங்கியது.

"எல்லாம் கீழ போகுதுண்ணே" என்றார் சோலையப்பன்.

குழந்தைசாமி மிச்சத்தைக் குடித்தார்.

அந்த வருடம் முதல் மரியாதையைச் செவந்திதான் வாங்கினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. தீர்த்தத்தை வாங்கியது குழந்தைசாமியின் கை. அவள் குடித்தது தகப்பன் கையிலிருந்து.