எஷன்வேக் தெருவுக்கு ஏழு வாங்கு

மூடிக்கிடந்த பயண முகவர் கடையின் கண்ணாடிக்கு முன்னால் கதிர்காமநாதன் நின்றார். உள்ளேயிருந்து கண்ணாடி முழுக்கப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிவிட்டுக் கடைக்காரர்கள் போய்க் கனகாலம். வெயில் பட்டுப் பட்டு அந்தத் தாள்கள் தேயிலைச் சாயம் ஊற்றிய மாதிரி ஆகியிருந்தன. ஒரு மூலையில் மெத்தை மலிவு விற்பனை. அதற்குக் கீழே எங்கோ ஒரு கிராமத்துத் தீயணைப்புப் படையின் விழா. இரண்டையும் அவர் எத்தனையோ தடவை வாசித்துவிட்டார். இடது கெண்டைக்காலை யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணி போலப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும். அந்த நோவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமும் இல்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெயமலர் திரும்பிப் பார்த்தாள். மரக்கறிப் பையை மதிலில் வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"என்னப்பா, ஏதும் மலிவோ?"

"சும்மா பாக்கிறன்."

"பாருங்கோ, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் எதிர்ப்பக்க வீட்டின் பூச்சட்டிகளைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் அப்படிக் காத்து நிற்பவள் அல்ல. ட்ராமைப் பிடிக்க ஓடுகிறவள், கடையில் வரிசை நகராவிட்டால் அடுத்த வரிசைக்குத் தாவுகிறவள். முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடமாக நேரத்துக்குச் சாப்பாடு அனுப்பிப் பழகிய உடம்பு அது. ஆனால் கொஞ்ச மாதமாக அவளுக்கு எங்கிருந்தோ ஒரு பொறுமை வந்திருந்தது. வயது போகப் போக மனுசி பதப்படுகிறாள் என்று நாதன் தனக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பொறுமையோடு இன்னொன்றும் அவளுக்கு வந்திருந்தது. அதுதான் பைராட். அவர்கள் இருந்தது ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தின் ஓரத்தில், அடுக்குமாடிகளும் அடைபட்ட கடைகளுமாக இருந்த ஒரு பகுதி. அதைச் சீராக்கும் பட்டியலில் மத்திய அரசு போன வருடம் சேர்த்திருந்தது. மத்தி ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, நகரம் ஒரு பங்கு என்று காசு வரும். அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று நகரசபைக்கு ஆலோசனை சொல்ல, அங்கே குடியிருக்கிறவர்களிலிருந்து ஒரு சபை. அதற்குத்தான் பைராட் என்று பெயர். பயணக் கடைக்குப் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த திருமதி க்னோகே, "வா, கேக் தருவார்கள்" என்று ஜெயமலரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். கேக் சாப்பிடப் போனவள் உறுப்பினராகத் திரும்பி வந்தாள். பிறகு மாதத்தில் ஒரு பின்னேரம் கொப்பியும் பேனையுமாகப் போய்விடுவாள். நாதன் சோற்றைத் தானே சூடாக்கிச் சாப்பிடுவார். அங்கே என்ன நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. சும்மா கதைப்பார்கள், ஜெர்மன்காரருக்குக் கூட்டம் வைப்பது ஒரு பொழுதுபோக்கு என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் ஒரு வியாழக்கிழமை குலைந்தது. தபால் பெட்டிக்குள் பச்சை நிறத்தில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. அவர் அதைப் படியேறும்போதே வாசித்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். ஜெயமலர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பார் மலர், எங்கட தெருவிலை இளைப்பாறுற இடமாம். ஆக்கள் இருக்கிறதுக்கு ஏழு வாங்கு போடுவினமாம். பக்கத்திலை ஒவ்வொரு மரம். அதுக்காகக் கார் விடுற இடங்களை எடுக்கப் போயினமாம்! வேலையாலை வந்து நான் காரைத் தலையிலையே வைக்கிறது? எந்த விசரன் இதை எழுதிக் குடுத்தவன்?"

ஜெயமலர் கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினாள்.

"விசரன் இல்லை, விசரி. நான்தான்."

நாதன் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பினார்.

"நீயோ? ஆர் இருக்கப் போயினம் அதிலை? குடிகாரர்தான் வந்து இருப்பினம்."

"இருக்கிறவை இருப்பினம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

அது உண்மை. அதனாலேயே அவருக்கு இன்னும் கோபம் வந்தது. அடுத்த கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம் என்று போட்டிருந்தது. "நானும் வாறன். நானும் இந்தத் தெருவிலை வாடகை கட்டுறவன்தான்" என்றார். "வாங்கோ. கேக்கும் குடுப்பினம்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். மண்டபத்துக்குள் அவள் முன்வரிசையில் சபையோடு இருந்தாள். அவர் பின்னால், அவசரமாகப் போக வசதியாக, கதவுப் பக்கம் இருந்தார். திருமதி க்னோகே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கூட்டத்தை நடத்தியது நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண். பெயர் நிருஷா. தமிழ்ப் பிள்ளை, ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள், அவர்களுடைய மகள் தேனுஜாவின் வயதுதான் இருக்கும். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவள் தெளிவான ஜெர்மனில் பேசினாள்.

"இந்தக் காசில் சம்பளம் கொடுக்க முடியாது, விழா வைக்க முடியாது. கல்லாக, மரமாக, விளக்காக, தெருவில் நிற்கிற ஒன்றாக அது மாற வேண்டும். நாங்கள் கேட்ட அளவு கிடைக்காது என்று மாநிலத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பாலத்தடிக்கு வெளிச்சம், விளையாட்டுத்திடலைத் திருத்துவது, எஷன்வேக்கில் வாங்குகள். இந்த மூன்றில் ஒன்று பின்னுக்குப் போகத்தான் வேண்டும். முடிவெடுப்பது நகரசபை. ஆனால் உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவாக அது இருக்கக் கூடாது."

யார் பேச விரும்புகிறார்கள் என்று அவள் கேட்டதும் நாதன் கையை உயர்த்தினார். இந்த நாட்டில் அவருடைய முழுப்பெயரைத் தடக்காமல் ஒலிவாங்கியில் சொன்ன முதல் அதிகாரி அந்தப் பிள்ளைதான். அது அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் கொடுத்தது. வாகன உதிரிப்பாகக் களஞ்சியத்தில் மாறி மாறி வரும் வேலை நேரம், சாமத்தில் வந்து காரை விட இடமில்லாமல் சுற்றுவது, வாங்கில் வந்து படுக்கப் போகும் குடிகாரர்கள், போத்தல்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். "எல்லோரும் நடந்து வீட்டுக்குத்தான் போகிறோம். வீட்டில் கதிரை இருக்கிறது. நடுத்தெருவில் யாருக்கு இருக்க வேண்டும்?" என்று முடித்தார். பின்வரிசைகள் கை தட்டின.

"பதில் சொல்ல விரும்புவது திருமதி கதிர்காமநாதன்" என்றாள் நிருஷா.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. "ஒரே வீடா?" என்று யாரோ கேட்டார்கள். "ஒரே குசினி" என்றாள் ஜெயமலர். சிரிப்பு இன்னும் கூடியது. நாதனும் சிரித்தார்.

அவள் எழுந்து நின்றாள். அவளுடைய ஜெர்மன் இல்லத்துச் சமையலறையில் படித்த ஜெர்மன். குட்டி வசனங்களாகத்தான் வரும்.

"எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் போய் வரும்போது மூடிய கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கடையில் ஒன்றும் இல்லை. பழைய பேப்பர் மட்டும். அவர் அதை வாசிப்பார். ஒவ்வொரு தடவையும் வாசிப்பார். முதலில் எனக்கு விளங்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு தாதியிடம் கேட்டேன். காலுக்கு இரத்தம் போவது குறைந்தால் அப்படித்தானாம். நடந்தால் நோகும், நின்றால் விடும். மற்றவர்களுக்குக் காட்ட வெட்கம். அதனால் கண்ணாடியைப் பார்ப்பது போல நிற்பார்களாம். உங்கள் மொழியில் அதற்குக் கடைக்கண்ணாடி நோய் என்றே பெயர் இருக்கிறது."

முன்னால் இருந்த இரண்டு மூன்று நரைத்த தலைகள் மெல்ல ஆடின.

"நான் அவருக்கு டாக்டரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தேன். போகவில்லை. இன்னொன்று எடுத்தேன். அதற்கும் போகவில்லை. முந்தி அவர் வேகமாக நடப்பார். நான்தான் பின்னால் ஓட வேண்டும். இப்போது நான் முன்னால் போய் நின்று பூச்சட்டிகளைப் பார்க்கிறேன். எனக்குப் பூச்சட்டிகள் பிடிக்காது. அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. ஒரு வாங்கைத் தெருவுக்குக் கொண்டு வரலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்."

அவள் இருந்துவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நாதனுக்குக் காது இரண்டும் சுட்டன. எழும்பிப் போகலாம், கதவு பக்கத்தில்தான். இவ்வளவு சனத்துக்கு முன்னால் இவள் என்ன வேலை பார்த்தாள் என்று ஒரு பக்கம் எரிந்தது. இவள் இவ்வளவு நாளும் பூச்சட்டிக்கு முன்னால் நின்றது எதற்கு என்று இன்னொரு பக்கம் நெஞ்சுக்குள் எதுவோ இளகிக்கொண்டு வந்தது. திருமதி க்னோகே மேடையைப் பார்த்தபடியே, கைத்தடி பிடித்த கையால் அவருடைய சட்டைக் கையை இரண்டு தரம் தட்டினார்.

கூட்டத்தின் கடைசியில் ஆளுக்கு மூன்று ஒட்டும் வட்டங்கள் கொடுத்தார்கள். சுவரில் பகுதியின் பெரிய வரைபடம். எதற்குக் காசு முதலில் போக வேண்டுமோ அதில் ஒட்ட வேண்டும். சனம் குறைந்த பிறகு நாதன் வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஷன்வேக் தெருவைத் தேடிப் பிடித்தார். ஏழு சின்னச் சதுரங்கள் குறித்திருந்தார்கள். அதில் ஒன்று சரியாக அவர்கள் வீட்டு வாசலில் இருந்தது.

"பிள்ளை, இஞ்ச ஒருக்கால் வாரும்" என்றார் தமிழில்.

நிருஷா பக்கத்தில் வந்தாள். "சொல்லுங்கோ அங்கிள்." பேச்சு ஜெர்மன் சுருதியில் இருந்தாலும் தமிழ் துப்புரவாக இருந்தது.

"இது பிழையான இடம்."

"எது?"

"எங்கட வாசலிலை வாங்கு என்னத்துக்கு? வாசலுக்கு வந்தா வீடுதானே. கடைப்பக்கத்தாலை வாற ஆளுக்கு அந்த மட்டும் வர ஏலாது. அதுக்கு முதலே பிடிச்சிடும்." அவருடைய விரல் தெருவின் மேல் மெல்ல நகர்ந்து வந்து, சதுரம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் நின்றது. "இதிலை. பயணக் கடைக்கு முன்னாலை. இதிலைதான் வேணும்."

அவர் தன்னிடமிருந்த மூன்று வட்டங்களையும் அந்த வெறும் இடத்தில் ஒட்டினார். அவர் வழக்கமாகக் காரை விடுகிற இடமும் அதுதான்.

நிருஷா அந்த வட்டங்களைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள், பிறகு பென்சிலை எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறினாள். "நான் அலுவலகத்திலை கதைச்சுப் பாக்கிறன். காசு வருமோ எண்டு சத்தியம் பண்ண ஏலாது, அங்கிள்."

வீட்டுக்கு நடந்தார்கள். பாதியில் கால் பிடித்தது. அந்த இடத்தில் கடையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஒரு நீண்ட மதில் மட்டும்தான். அவர் நின்றார். ஜெயமலரும் நின்றாள். அவர் முகம் கொடுக்கவில்லை.

"சபைக்கு முன்னாலை சொல்லிப்போட்டாய்."

"பேர் சொல்லேல்லையே."

"ஒரே குசினி எண்டு சொன்ன பிறகு பேர் என்னத்துக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்க்க அவருக்கும் வந்தது. மதிலில் கை ஊன்றியபடி இரண்டு பேரும் சிரித்தார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் அவர்களைச் சுற்றி விலகிப் போனார். சிரித்து முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமாக் கிடக்கப்பா" என்றாள். அது அவர் எதிர்பாராதது. "திங்கக்கிழமை எடு, டெர்மினை. போறன்" என்றார்.

போனார். டாக்டர் இரத்தக்குழாயைப் படம் பிடித்து, குளிசை எழுதி, சிகரெட்டை அடியோடு விடச் சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார். நோகும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப நடக்க வேண்டும். அதுதான் மருந்து. "அப்ப இவ்வளவு நாளும் நான் பாதி வைத்தியம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறன்" என்று நாதன் மனைவிக்குச் சொல்லிப் பார்த்தார். அவள் அந்தப் பகிடியை ஏற்றுக்கொள்ளவில்லை.

காசு விசயம் அதன் போக்கில் போனது. பைராட் பரிந்துரைத்தது, நகரசபைக் குழு தலையாட்டியது, மாநிலம் பல மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாலத்தடிக்கு முழு வெளிச்சமும் எஷன்வேக்குக்கு மூன்றே மூன்று வாங்கும் என்று வந்தது. விளையாட்டுத்திடல் பின்னுக்குப் போனது. பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் ஜெயமலரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது அவளுக்கு உறைத்தது. அடுத்த வருட விண்ணப்பத்தில் திடல் முதலாவதாக இருக்க வேண்டும் என்று இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் அவள்தான் சண்டை பிடிக்கிறாள்.

செப்டம்பரில் நகரசபை ஆட்கள் வந்து பயணக் கடைக்கு முன்னால் தெருவில் வெள்ளை மையால் ஒரு நீள்சதுரம் அடித்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. வாங்கு செய்கிற இடத்தில் தாமதம் என்றார்கள். மழை பெய்தது. மை கொஞ்சம் மங்கியது.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் வரும்போது, அந்தச் சதுரத்துக்குள் திருமதி க்னோகே இருந்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு குசினிக் கதிரையைக் கொண்டுவந்து, நாலு காலும் வெள்ளைக் கோட்டுக்குள் அடங்கும்படி வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ட்ராமுக்குக் காத்திருப்பவர் போல நேராக இருந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று நாதன் கேட்டார்.

"இருந்து பார்க்கிறேன். சரியான இடமா என்று பார்க்க வேண்டாமா?" அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "காற்று வருகிறது. நல்ல இடம்தான்." பிறகு நாதனின் காலைப் பார்த்தார், கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நில்லுங்கள், வருகிறேன்" என்று வீட்டுக்குள் போனார்.

நாதன் அந்தக் கதிரையின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். கெண்டைக்கால் மெல்லப் பிழியத் தொடங்கியிருந்தது. ஜெயமலர் பைகளை வெள்ளைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு வீட்டுக் கதவைப் பிடிக்க ஓடினாள். கதவு உள்ளேயிருந்து முட்டுப்பட்டுத் திறந்தது. முதலில் இன்னொரு கதிரையின் கால்கள் வெளியே வந்தன.