படத்துக்கு நாலு பிள்ளைகள்

மழை பிடித்த முதல் வாரத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் கூரைக் காரை ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் ஈ காக்கை இல்லை. மறுநாள் காலை பெரிய டீச்சர் வந்து பார்த்தார். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறைதான் அது. வகுப்பு நடந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் ஒளிந்து விளையாடும் பிள்ளைகளை யார் கண்டார்? துருப்பிடித்த கம்பிகள் மேலே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கையோடு ஒரு பூட்டை வாங்கி வரச்சொல்லி மாட்டினார். சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அறைக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்தவர்கள் மரியாதையாக நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "பார்க்கலாம் டீச்சர்" என்று அனுப்பினார்கள். பார்க்கலாம் என்ற சொல்லை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் உலகத்தில் அந்த அலுவலகத்தில்தான் அதிகம். டீச்சருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்போதுதான் தம்பியின் நினைவு வந்தது. டீச்சரின் உடன்பிறந்த தம்பி வாரம் ஒருமுறை வரும் நாலு பக்கத் தாள் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். எழுதுவது, படம் எடுப்பது, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் அவனேதான். இரண்டு பக்கம் மெத்தை, செருப்பு விளம்பரம். ஒரு பக்கம் சாவு அறிவிப்பு. மிச்சமிருக்கும் பக்கத்தில் ஊர் வம்பு. அதை மதிப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் படிக்காதவர்களும் கிடையாது. முடி திருத்தும் கடையில் அந்தத் தாளுக்காகவே முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் இருந்தார்கள்.

தம்பி கேமராவோடு வந்தான். டீச்சர் பூட்டைத் திறந்துவிட்டார். அவன் வாசலில் நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வெறும் ரூமை எடுத்துப் போட்டா எவன்க்கா பார்ப்பான்? ஒழுகற ரூம் எல்லார் வீட்லயும்தான் இருக்கு. அடியில நாலு பிள்ளைங்க உக்காந்திருந்தா, அதுதான் செய்தி."

"இங்க கிளாஸ் நடக்கறதில்லையேடா. பொய்யாயிடாதா?"

"ஒழுகறது பொய்யா? கம்பி தெரியறது பொய்யா? நீதானே ஆபீஸ்காரனுக்கு உறைக்கணும்னு சொன்ன?"

அவன் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றியது. டீச்சர் நாலாம் வகுப்பின் முதல் பெஞ்சிலிருந்து நாலு பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவந்தார். அதில் ஒருத்தி தையல் அக்காவின் மகள். வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, வாயில் விரலை விட்டாலும் கடிக்காது. உடையாத பெஞ்சு ஒன்றைத் தேடி எடுத்து, சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் கீழே போட்டார்கள். பக்கத்தில் ஒரு வாளி. தம்பி சொன்னபடி பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். ஒரு சொட்டு பூனையின் கழுத்தில் விழுந்து முதுகுக்குள் ஓடியது. அவள் தோளைக் குறுக்கினாளே தவிர எழுந்திருக்கவில்லை. "அப்படியே இரு பாப்பா, அப்படியே இரு" என்று தம்பி குஷியாகிவிட்டான்.

எடுத்து முடித்ததும் டீச்சர் தன் முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டார். "வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேப்பர்ல வரும்போது எல்லாரும் ஆச்சரியப்படட்டும்" என்றார். பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அறையை மறுபடி பூட்டிவிட்டு அவர் நிம்மதியாக வகுப்புக்குப் போனார்.

படம் வந்தது. ஊரே அதைப் பார்த்தது. அது வரை எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. முதல் இரண்டு நாள் டீச்சருக்கு வந்த பாராட்டுக்குக் கணக்கில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் தலைதெறிக்க ஓடிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தகப்பன் வந்தார், படத்தில் இருந்த பையன் ஒருவனின் தகப்பன். பையனைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர், வீட்ல அவ ராத்திரி தூங்கறதில்ல." மறுநாள் இன்னும் இருவர். அப்புறம் பெற்றோர்களின் போன் குழுவில் படம் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கூரை இன்னும் கொஞ்சம் இறங்கியது. முழுப் பள்ளியும் எந்த நிமிடமும் உட்கார்ந்துவிடும் என்று ஒருவர், ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு மண்டை உடைந்ததை மூடி மறைத்துவிட்டார்கள் என்று இன்னொருவர். வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின.

யார்தான் விட்டு வைப்பார்கள்? அவரவர் பிள்ளை அவரவருக்கு உயிர்.

போகாமல் நின்றது தையல் அக்கா. பெற்றோர் குழுவின் தலைவி அவர்தான். கடைத்தெரு முனையில் ஒரு கதவு அகலத்துக்கு ஒரு தையல் கடை, புருஷன் இல்லை, இருப்பது பூனை ஒருத்திதான். பள்ளிச் சுவருக்குச் சாயம் அடிக்க ஆள் சேர்த்தது, ஜன்னல்களுக்குத் திரை தைத்தது, கழிப்பறைக் கதவுக்காக அலுவலகத்தில் சண்டை போட்டது எல்லாம் அவர். இப்போதும் இயந்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றேதான்: "என் பொண்ணும்தான் படத்துல இருக்கா. நான் அனுப்பறேன்ல? பெரிய டீச்சருக்குத் தெரிஞ்சிருந்தா அங்க உக்கார வச்சிருப்பாங்களா? அன்னிக்குத் திடீர்னு ஒழுகியிருக்கு. அவங்க கண்ணுல பட்டதும் ரூமைப் பூட்டிட்டாங்க." இது டீச்சரின் காதுக்கும் வந்தது. கேட்கும்போது உள்ளே என்னவோ நெருடியது. நன்றி சொன்னார், திருத்தவில்லை.

கல்வி அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொள்வதாகப் போதுமான பேர் கை தூக்கினால் கூரையைப் பழுது பார்ப்பார்கள். இல்லையென்றால் பள்ளியைச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பது என்பது அவர்கள் மொழி. நம் மொழியில் மூடுவது.

டீச்சர் யோசித்து ஒரு முடிவெடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. அந்த அறையில் வகுப்பே நடப்பதில்லை, படம் ஏற்பாடு செய்தது, மற்ற அறைகள் கல்லு மாதிரி இருக்கின்றன என்று தெரிந்தால் பயம் போய்விடும். பயம் போனால் கை உயரும். தன் பெயர் கொஞ்சம் கெடும், கெடட்டும். பள்ளி பிழைத்தால் போதும்.

தம்பிதான் குதித்தான். "நீ உத்தமி ஆகறதுக்கு என் பேப்பர்தான் கிடைச்சுதா? இனிமே சாவுச் செய்தியைக்கூட எவனும் நம்ப மாட்டான்."

"நம்பாட்டி போறான். எனக்கு ஸ்கூல் வேணும்."

அந்தச் சனிக்கிழமை பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மடங்கி, முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஓர் இளைஞர்; எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. தையல் அக்கா முதல் வரிசையில். தம்பி கதவோரம்.

டீச்சர் எழுந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் படம் நாங்க ஏற்பாடு பண்ணி எடுத்தது. அந்த ரூம்ல நாங்க பாடம் நடத்தறதே இல்ல. அது பூட்டித்தான் கிடக்கு. ஆபீஸ்ல யாரும் கண்டுக்கலைன்னு, படத்துக்காகப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சோம். தப்புதான். ஆனா உங்க பிள்ளைங்க படிக்கற ரூம் எதுவும் ஒழுகல. நீங்களே போய்ப் பாருங்க."

அப்புறம் பின்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் சிரித்துவிட்டார். "அட, நம்ம பேப்பர்காரர் வேலையா? நான்கூட ஒரு வாரமா சோறு இறங்காம கிடந்தேன்." நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் சிலர். ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான்தான் சொன்னேன்ல" என்றாள். அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அறையில் இறுக்கம் தளர்ந்தது. டீச்சருக்கு மூச்சு வந்தது. பள்ளி பிழைத்துவிட்டது என்றே அந்த நேரம் நினைத்தார்.

தையல் அக்கா சிரிக்கவில்லை. சந்தேகம் கேட்கும் பிள்ளை மாதிரி மெதுவாக எழுந்து நின்றார்.

"அந்த ரூம் எப்பவும் பூட்டித்தான் இருக்குமா டீச்சர்?"

"இல்லம்மா, இந்த மழைக்குத்தான் பூட்டினேன்."

"எதுக்குப் பூட்டினீங்க?"

"காரை பேந்து விழுந்துச்சு. பிள்ளைங்க போயிடக் கூடாதுன்னு..."

"அது எப்போ? படம் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டீச்சர் வாயைத் திறந்தார். பின்னாடி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்லும் வாய் அவருக்கு அன்று இல்லை.

"முன்னாடி."

"காரை விழுந்த ரூம்னு தெரிஞ்சு, பயந்து பூட்டி வச்சு, அப்புறம் நீங்களே திறந்து என் பொண்ணை அடியில உக்கார வச்சீங்க."

"அஞ்சு நிமிஷம்தான்மா. கூடவே நானும் நின்னேன்."

"விழறதுக்கு எவ்வளவு நேரம் வேணும் டீச்சர்?"

குரல் உயரவே இல்லை. அதிகாரி இருமினார். சிரித்த பஸ் டிரைவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் டீச்சரின் தூக்கம் கெட்டது சொன்ன பொய்யை நினைத்து. அது பொய்தானா, எவ்வளவு பெரிய பொய், யாருக்குத் தெரியவரும் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தவருக்கு, அந்த பெஞ்சின் மேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது ஒரு தடவைகூட மனதில் வரவில்லை. சொட்டு விழுந்த கழுத்து நினைவிருந்தது. சொட்டு எதிலிருந்து விழுந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

"நான் ஒவ்வொரு வாசலா ஏறி, டீச்சருக்குத் தெரிஞ்சிருந்தா உக்கார வச்சிருப்பாங்களான்னு கேட்டேன்" என்றார் தையல் அக்கா. "அப்படித்தான் எல்லார் வாயையும் அடைச்சேன். இப்ப அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

டீச்சருக்கும் ஒரு மகள் உண்டு. வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊரில் இருக்கிறாள். அவள் சின்னவளாக இருந்தபோது அந்த பெஞ்சில் உட்கார வைத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் அழுது ஆதரவு தேடுவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி கை தூக்கச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. தூக்கியவர்கள் முதல் வரிசையைப் பார்த்தார்கள். தையல் அக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்த கைகளில் பாதி இறங்கிவிட்டது. அதிகாரிக்கு எண்ணும் வேலைகூட மிச்சமில்லை.

எல்லோரும் போன பிறகு தையல் அக்கா மேஜையருகே வந்தார். கண் சிவந்திருந்தது.

"திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கறேன் டீச்சர்."

"சரிம்மா."

"திட்டணும்னுதான் வந்தேன். வார்த்தை வரல." கொஞ்சம் நின்றார். "என் பொண்ணு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நேத்து துருவித் துருவிக் கேட்டதுக்குத்தான் சொன்னா, டீச்சர் சொல்லக் கூடாதுன்னாங்கன்னு. அவ்வளவுதான் வாங்க முடிஞ்சுது. உங்க பேச்சை அவ தட்டினதே இல்ல."

அவர் படியிறங்கிப் போவதை டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். தம்பி அதுவரை வராந்தாவில் பதுங்கியிருந்தான். இப்போது உள்ளே வந்து பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டு உதவினான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலும். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் பெருமூச்சு விட்டான்.

"ஒரு பொய்ப் படம். அதுக்கு ஒரு ஸ்கூலே போச்சு."

"பொய்ப் படம் இல்லடா அது" என்றார் டீச்சர். "பிள்ளைங்க அங்கதான் உக்காந்திருந்தாங்க. நான்தான் உக்கார வச்சேன்."