அகுஸ்தீன் சாமியாருக்குப் போட்ட கோடி

அகுஸ்தீன் சாமியார் காய்ச்சலில் இறந்தபோது மேலக்குறிச்சியில் ஒருவர்கூட வேதத்தில் சேர்ந்திருக்கவில்லை. சமையல்காரர் சூசைமுத்து ஒருவர்தான் கிறிஸ்தவர். அவரும் அரியலூரிலிருந்து சாமியாரோடு வந்தவர்.

சாமியார் பிரெஞ்சுக்காரர். உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு, ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த இந்த ஊருக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் ஒரு கோயிலும் அதன் பக்கத்தில் மருந்துக் கொட்டகையும் போட்டார். ஊர்ப் பெரியவர் வைத்திலிங்கம், மருந்து வாங்கலாம், கோயிலுக்குள் மட்டும் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரும் அப்படியே நடந்துகொண்டது. காலையில் புண்ணுக்குக் கட்டுப்போட வந்து நிற்கும் கூட்டம், பூசை மணி அடித்ததும் கலைந்துவிடும். சாமியார் சூசைமுத்து ஒருவருக்காகப் பூசை வைப்பார்.

ஒருமுறை ஊரில் பச்சையம்மாள் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகிவிட்டது. வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சாமியார்தான் வண்டி கட்டி அவளை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் சேற்றில் வண்டி புதைந்தபோது அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மழையில் அவர் இறந்தார். அரியலூருக்குச் சொல்லப் போன ஆள், ஓடைகளில் வெள்ளம் என்று திரும்பி வந்துவிட்டான். அதற்குமேல் உடலை வைத்திருக்க முடியாது. எரிப்பதா புதைப்பதா என்று ஊரார் கேட்டார்கள். புதைக்க வேண்டும் என்றார் சூசைமுத்து. எந்தச் சுடுகாட்டில் என்று அடுத்த பேச்சு எழுந்தது. அந்தந்தச் சாதிக்கு ஒன்று இருந்தது; சாமியாருக்கு எதுவும் இல்லை. வைத்திலிங்கம் தன் முந்திரித் தோப்பில் குழி வெட்டச் சொன்னார்.

உடலைத் தூக்கப் போகும்போது பச்சையம்மாள் புதுவேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கோடி போடுவது உறவுக்காரர்கள் செய்கிற காரியம், உனக்கு என்ன முறை என்று அவள் மாமனார் தடுத்தார்.

"நான் சாவக் கெடந்தப்ப என்னத் தூக்கிக்கிட்டுப் போனது இவருதான். அண்ணன்காரன் செய்யிறதத்தான செஞ்சாரு? நான் போடுறங்க மாமா" என்றாள்.

எல்லோரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். "போடட்டும்" என்றார்.

அவள் வேட்டியைப் போர்த்திவிட்டு, அண்ணே என்று சொல்லி ஒப்பாரி வைத்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்து அழுதார்கள். குழிக்கருகே சூசைமுத்து, காதில் விழுந்து பழகிய லத்தீன் வார்த்தைகளைத் தப்பும் தவறுமாகச் சொன்னார்.

வெள்ளம் வடிந்ததும் அரியலூரிலிருந்து இளம் சாமியார் ஒருவர் வந்தார். உடலைத் தோண்டியெடுத்து அரியலூர்க் கோயில் கல்லறையில் வைக்கப்போவதாகச் சொன்னார். வைத்திலிங்கம் சம்மதிக்கவில்லை. அவருடைய கோயிலுக்குள் ஒருவரையும் விடாதவர் நீங்கள்தானே என்று இளம் சாமியார் கொஞ்சம் சூடாகவே கேட்டார்.

"கோயிலுக்குப் போவ வேணாம்னுதாங்க சொன்னேன். அவரப் போவச் சொல்லலியே" என்றார் வைத்திலிங்கம்.

இளம் சாமியார் கொஞ்சநேரம் தோப்புக்குள் தனியாக நடந்தார். பிறகு செபம் சொல்லிக் குழியை மந்திரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சூசைமுத்து ஊரைவிட்டுப் போகவில்லை. தெரிந்த அளவுக்குப் புண் கழுவி, காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்தபின் கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். மருந்துக் கொட்டகைக்கு ஓடு வேய்ந்து கொடுத்தது வைத்திலிங்கம். கோயிலுக்கு அவர் கடைசிவரை வரவில்லை.

சாமியாரின் முதல் வருஷத் திதிக்குப் பச்சையம்மாள் குழிமேல் சோறும் கருவாட்டுக் குழம்பும் படைத்தாள். படையல் வேதத்துக்கு ஆகாது என்று சூசைமுத்து சண்டைபோட்டுப் பார்த்தார். அவள் கேட்பதாயில்லை. அடுத்த வருஷம், சாமியாருக்குக் கருவாடே பிடிக்காது என்று சொல்லி, அவித்த முட்டையும் சர்க்கரை போடாத காப்பியும் சூசைமுத்தே கொண்டுவந்து கொடுத்தார்.