நஸீபா மட்டும் கண்ட பிள்ளை

காத்தான்குடி ஜிப்ரியின் மகள் பிறந்த எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு பத்துக்கு, தகப்பனின் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அஸர்த் தொழுகைக்கு முன்பே தெருவில் பாதிப்பேருக்கும் தெரியவில்லை. குற்றம் யாருடையது என்று சுற்றி வளைப்பானேன், ஜிப்ரியுடையதுதான்.

வாவிக்கரைப் பிறப்புப் பதிவகத்தின் மூன்று கணினிகளையும் அவனே பார்த்துக்கொண்டான். ஒன்று புளியந்தீவில், ஒன்று ஏறாவூரில், ஒன்று வாகரையில். ஒரு பெயர் வந்தால் புளியந்தீவுக் கணினி அதை முதலில் நினைவில் ஏற்றும், பிறகு வன்தட்டில் எழுதும். இன்னொரு கணினியும் எழுதிவிட்டேன் என்று சொன்ன பிறகே திரையில் ‘பதிந்தாயிற்று’ என்று வரும். நினைவு கரண்ட் இருக்கும்வரைதான். வன்தட்டு இருட்டிலும் வைத்திருக்கும். ஆனால் வரிசை நகராது, கைக்குழந்தைகளோடு நிற்கும் தாய்மார் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏச்சுப் பொறுக்காமல், நினைவில் ஏறியதுமே ‘பதிந்தாயிற்று’ என்று சொல்லும்படி மாற்றிவிட்டான் ஜிப்ரி. எழுதுவதை ஓய்ந்த நேரத்தில் எழுதட்டும். வரிசை கரைந்தது. கெட்டிக்காரன் என்றார்கள், அவனும் நம்பினான், பாவி.

ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்து, மறுநாள் மதியம் சொந்த மகளின் பெயரையும் அவனே ஏற்றினான். கணினி எழுதப் போகுமுன் கரண்ட் போய்விட்டது. வந்ததும் பதறியடித்துத் தேடினான். அப்படி யாரும் இல்லை என்றது திரை. அந்தக் கணமே பிள்ளையின் முகமும் பெயரும் அவனை விட்டுக் கழன்றன. இந்த வாவிக்கரையில் அப்படித்தான்: கண்டவர் கண்ட ஞாபகத்தில் கண்டுகொண்டிருக்கலாம், பதிவைத் தேடிப் பார்த்துவிட்டால், பதிவு சொல்வதுதான் கண்ணுக்கும். செய்தி கேட்டு ஃபோனில் தேடிய மாமி ஸகியாவுக்கும் ஏணைத் தொட்டில் வெறுமையாகிவிட்டது. தெருவும் தேடிப் பார்த்தது, தெரு சும்மா இருக்குமா? தேடாதவள் அவன் மனைவி நஸீபா ஒருத்திதான்.

“புள்ள இஞ்சதான் இரிக்கா. நான் பாக்கிறன்,” என்றாள் அவள், வெறும் ஏணையை ஆட்டியபடி. “என்னத் தேடிப் பாக்க மட்டும் சொல்லாதீங்க.”

ஜிப்ரி நம்பியது கொடியைப் பார்த்துத்தான். ஒன்பது சிறு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. இல்லாத பிள்ளைக்கு ஒரே நாளில் ஒன்பது துணியை யார் துவைப்பார்கள்?

உடனே எழுதிவிடலாமென்றால் ஏறாவூர்க் கணினி பழுதாகி ஒரு மாதம். வாகரைக்குப் போகும் கம்பியை மரம் விழுந்து அறுத்திருந்தது. ஒரே வன்தட்டை நம்பி எழுத அவனுக்கு இனித் துணிவில்லை. மூன்று நாள் நஸீபா கண்ணயரவில்லை. அவள் ஒருத்தி மறந்தால் பிள்ளை எங்குமே இல்லை. பால் கொடுக்கும்போதும் பெயரை முணுமுணுத்தாள். ஜிப்ரியோ, எதற்கென்று தெரியாமலே கொடித் துணிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். யாரை இழந்தோமென்றே தெரியாமல் பயப்படுவது பொல்லாத பயம்.

வெள்ளி காலை வாகரைக் கணினியைப் பார்க்கும் சிவதர்சன் கம்பி சரியென்று அறிவித்தான். நஸீபா துணிப் பொட்டலத்தை அணைத்தபடி ஓட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டிப் புளியந்தீவுப் பதிவகத்துக்கு வந்தாள். ஜிப்ரி பழைய முறையைத் திரும்பப் போட்டு, திரையை அவளுக்குத் தெரியாமல் திருப்பினான்.

“பிள்ளையிட பேர்?”

“ஸுஹைனா.”

“தகப்பன்ட பேர்?” என்று பழக்கதோஷத்தில் கேட்டான்.

நஸீபா பொட்டலத்திலிருந்து கண்ணெடுத்து அவனைப் பார்த்தாள். “உங்கட பேர எழுதுங்க,” என்றாள்.

எழுதிவிட்டு, வெறும் பொட்டலத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டான். வரிசை ஏசத் தொடங்கியது.

“மெமரிக்கு வந்திட்டு, ஜிப்ரி நானா,” என்றான் சிவதர்சன் ஃபோனில்.

“அது மட்டும் காணாது தம்பி. எழுதினதா?”

“பொறுங்க.”

பொறுத்தார்கள். ஜிப்ரியின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது.

“ஓம் நானா. வன்தட்டுல எழுதிட்டு.”

ஜிப்ரியின் மடி சூடாக நனைந்தது. குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மகளை ஒரு கையில் ஏந்தியபடி, ஈரக் கழிசானோடு, அடுத்த பெயரைக் கேட்டான். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வன்தட்டுகளும் சொல்லும்வரை வரிசை காத்து நின்றது. வாங்குப் பலகையில் நஸீபா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.