ஒப்பீட்டு நட்சத்திரம்

கிள்ளான் போகும் பெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பேராசிரியர் சுகுமாறன் மாதவியின் காரில், ஏர்கானைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சை எடுத்தார். பிரிக்பீல்ட்சில் அவரை ஏற்றிக்கொண்டபோதே எடுத்திருக்கலாம். அவள் இறங்கி நடக்க முடியாத இடம் வரட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. மனிதர் எதிலும் இடம் பார்த்துத்தான் கை வைப்பார்.

"ஜர்னலுக்குக் கரெக்‌ஷன் அனுப்பணும்ல மாதவி. அதுல ஒரு வரி மட்டும் சேர்த்துரு. கம்பேரிசன் ஸ்டாரை செலக்ட் பண்ணது நீதான்னு."

மட்டும். பக்கத்து லோரியின் புகையைப் பார்த்தபடி மாதவி அந்தச் சொல்லை மென்றாள். காறித் துப்பவும் வழியில்லை.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெருத்து, தன் மேல்தோலையே உதறிவிடும். உள்ளே மிஞ்சுகிற சூடான கரு, உதறிய வாயுவை ஒளிரவைக்கும். அதற்குக் கோள் நெபுலா என்று பெயர். கோள்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய தொலைநோக்கியில் யாருக்கோ உருண்டையாகத் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஊதுவதற்கும் ஒளிர்வதற்கும் நடுவே ஒரு குறுகிய காலம் உண்டு. அந்தக் கட்டத்தில் அகப்படுகிற நட்சத்திரங்கள் அபூர்வம். அப்படி ஒன்றைத்தான் அவர்கள் பத்து வருடத்துக்கு மேலாகச் சிலி நாட்டுத் தொலைநோக்கி வழியாக அளந்து வந்தார்கள். அங்கே இரவு என்றால் இங்கே பகல். மாதவி தன் நட்சத்திரத்தைப் பட்டப்பகலில்தான் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் மைலோ ஐஸ் குடித்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே கணினித் திரையில் அவளுக்கு நடு இரவு.

ஒரு நட்சத்திரம் மங்குகிறதா என்பதை அதை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மெல்லிய மேகம் இருக்கும், கண்ணாடியில் தூசி இருக்கும். அதனால் அதே படத்தில் பக்கத்தில் இருக்கிற, மாறாத நட்சத்திரம் ஒன்றை வைத்து ஒப்பிடுவார்கள். முதல் வருடம் அந்தப் பக்கத்து நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் சுகுமாறன். அடுத்த வருடமே மாதவிக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். "நான் பாத்து வச்சது. அதுல கை வைக்காதே," என்றார். அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

நட்சத்திரம் வேகமாக மங்குகிறது என்று கட்டுரை வந்தது. அவர் பெயர் முதலில், அவள் பெயர் பின்னால். அதைக் கொண்டுதான் அவர் பேராசிரியர் ஆனார். இந்த வருடத் தொடக்கத்தில் சிலியில் ஒரு மாணவி, அந்தப் பக்கத்து நட்சத்திரமே மெல்ல மெல்லப் பிரகாசமாகி வருவதைக் காட்டிவிட்டாள். செந்தூல் ஸ்டேஷனில் பக்கத்துக் கொமுட்டர் ரயில் கிளம்பினால் நம் ரயில் பின்னால் போவதுபோல் இருக்குமே, அந்தக் கதைதான். அவர்களுடைய நட்சத்திரம் துளிகூட மங்கவில்லை.

தப்பு நடந்ததில் மாதவிக்குக் கோபம் இல்லை. இந்தத் தொழிலில் தப்பு செய்யாதவர் யார்?

"நான் சொன்னேன் சார். ரெண்டாவது வருஷமே உங்க ரூம்ல வந்து சொன்னேன்."

"சொன்னியா?" அவர் வெளியே பார்த்தார். "எனக்கு ஞாபகமில்ல லா."

அவர் மறுத்திருந்தால் சண்டை போடலாம். அதட்டியிருந்தால் திருப்பிப் பேசலாம். மேசையைத் துணியால் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார்.

"யோசிச்சுப் பாரு," என்றார், குரலில் தேன் தடவி. "டிபார்ட்மென்ட்ல நம்ம ஆளுங்க ரெண்டே பேரு. என் பேரு கெட்டுச்சுன்னா அடுத்த இந்தியப் பிள்ளைய உள்ள விடுவாங்களா? உன் பேர்ல போனா, சின்னப் பிள்ளை தெரியாம செஞ்சிருச்சுன்னு விட்டுருவாங்க. டிசம்பர்ல உன் கான்ட்ராக்ட் வேற முடியுது. நீட்டிக்க நான்தானே எழுதிக் குடுக்கணும்."

நாற்பது வயதில் சின்னப் பிள்ளை. நம்ம ஆளுங்க என்ற சொல்லை அவர் எதற்கெல்லாம் எடுத்திருக்கிறார். அவள் பெயரைப் பின்னால் தள்ளியபோது எடுத்தார், அவள் போகவேண்டிய மாநாட்டுக்குத் தான் போனபோது எடுத்தார். அவளுக்குப் பிறகு ஒரு இந்தியரைக்கூட அங்கே எடுக்கவில்லை என்பதும் உண்மைதான். அதில் பொய் இல்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. அந்த ஒரு வரியை எழுதிக்கொடுத்தால் உலகத்தில் எந்தத் தொலைநோக்கியும் இனி அவளுக்கு ஒரு இரவைத் தராது. அளக்கத் தெரியாதவளுக்கு யார் தருவார்கள்?

இத்தனை பேசியவர், திரும்ப அளந்தாயா, நட்சத்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பழைய படங்களையெல்லாம் வேறு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மறுபடி அளந்து முடித்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"யோசிக்கிறேன் சார்," என்றாள். அதற்குமேல் வாயைத் திறந்தால் வண்டியை எதிலாவது ஏற்றிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

கிள்ளானில் மண்டபம் நிறைந்திருந்தது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள் சேர்ந்து அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: இறக்கும் நட்சத்திரத்தைக் கண்ட தமிழர். அது பொய் என்று அவருக்குத் தெரிந்து மாதக்கணக்காகிறது. தெரிந்துதான் மாலைக்குக் கழுத்தை நீட்ட வந்திருக்கிறார். விழாத் தலைவி மலர்விழி மாதவியை மேடைக்கு அழைத்து, பொன்னாடையைக் கையில் கொடுத்தார். மாதவி அதை அவருக்குப் போர்த்தினாள். போர்த்திய கையைக் கழுவவேண்டும் போல இருந்தது.

இருவரும் மேடையில் உட்கார்ந்திருந்த கேள்வி நேரத்தில், முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த வாணி என்ற பெண் எழுந்தாள். "சார், அந்த நட்சத்திரம் நாங்க இருக்கிறப்பவே செத்துருமா?"

சுகுமாறன் சிரித்தார். "அதை மாதவிதான் சொல்லணும். அளந்தது, எந்த நட்சத்திரத்தோட ஒப்பிடணும்னு முடிவு பண்ணது, எல்லாம் அவங்கதான். நான் சும்மா கூட இருந்தேன்."

மண்டபம் கைதட்டியது. "எவ்வளவு பெரிய மனசு பாருங்க," என்றார் மலர்விழி மைக்கில், மனம் நெகிழ்ந்து.

மாதவி எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, முந்நூறு பேர் கைதட்டலோடு சுகுமாறன் அந்த வரியை எழுதி முடித்துவிட்டார். மைக் அவள் கைக்கு வந்தது.

"அந்த நட்சத்திரம் மங்கல," என்றாள். "நாங்க எழுதுனது தப்பு."

கைதட்டல் அங்கங்கே தடுமாறி நின்றது. அவள் நிதானமாகச் சொன்னாள். பக்கத்து நட்சத்திரம் மாறாது என்று நம்பியதை, அது மாறியதை, தாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரம் அவசரமே இல்லாமல் அப்படியே இருப்பதை. பிள்ளைகள்கூடக் கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

வாணி உட்காரவில்லை. "அப்ப அந்தப் பக்கத்து நட்சத்திரத்தைத் தப்பா எடுத்தது நீங்கதானா மேடம்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. பள்ளி பஸ் ஏன் வரவில்லை என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். மாதவி திரும்பினாள். சுகுமாறன் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், ஆனால் கண் கெஞ்சியது. பத்து வருடத்தில் அந்தக் கண்ணை அவள் பார்த்ததில்லை. இவர்தான் என்று ஒரு விரலை நீட்டினால் போதும். ஞாபகமில்லை என்பார். சொல்லட்டும், இத்தனை பேருக்கு முன்னால் அவரே சொல்லட்டும்.

"நீங்க சொல்லுங்க சார்," என்று மைக்கை அவர் வாயருகே நீட்டினாள்.

ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது. மண்டபத்தின் கடைசி வரிசைவரை அது போய்த் திரும்பியது. அவர் கை மடியைவிட்டு எழவில்லை. பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது, அதை இருவருமே தொடவில்லை. மாதவிக்குக் கை வலிக்கத் தொடங்கியது. அவள் மைக்கை இறக்கவில்லை.