சாக்கடையோர நாற்காலிகள்

சகலரும் அறிக: யோங் பெங்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலைப் பலகைகள் கண்டுகொள்ளாத பெக்கான் கெனாங்காவில், நகர மன்றமே சொந்தமாக இணையச் சேவை நடத்தலாமா என்ற மாபெரும் கேள்விக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விடை காணப்படும். சிற்றுண்டி உண்டு.

மலருக்குச் சிற்றுண்டியில் நாட்டமில்லை. சிங்கப்பூர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு இணையம் வழியே பதில் சொல்வது அவள் வேலை. வீட்டிலிருந்தபடி என்பது வேலை ஒப்பந்தத்தில் மட்டும்தான். இணைய லைன் கிடைப்பது சாக்கடைப் பாலத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முதுகில் ‘மலர் 27’ என்று பெயின்டில் எழுதியிருந்தாள். தாமான் குடியிருப்பு முழுக்க இதே கதைதான். லைன் வரும் இடத்தில் ஆளுக்கொரு நாற்காலி, வீட்டு எண்ணோடு.

போன வாரம் மன்றத்தின் லாரி வந்து, நடைபாதைக்கு இடையூறு என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மறுபடி போட்டால் அபராதமாம். எட்டு மணி நேரம் நிற்க முடியாமல் மலர் வீட்டுக்குள் வந்து பேசியதில், ஒரே நாளில் மூன்று அழைப்புகள் அறுந்தன. இனியும் அறுந்தால் சிங்கப்பூர் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் எழுதிவிட்டாள். காலில் அறுவை முடிந்து படுத்திருக்கும் கணவன் ஜெயபாலனை விட்டுவிட்டு அது நடக்கிற காரியமில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டம் வழிந்தது. இருக்கை போதாமல் பணியாளர்கள் ஸ்டோரைத் திறந்து, கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். ஜனம் ஒரு நிமிடம் நின்று பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் அவரவர் எண்ணைத் தேடி உட்கார்ந்தது. மலருடையது மட்டும் மேடைக்குப் போயிருந்தது. அதில் நலச்சங்கத் தலைவர் கமலநாதன் பொன்னாடையோடு வீற்றிருந்தார்.

அவர் எழுந்து இருபத்தைந்து நிமிடம் எதிர்த்துப் பேசினார். குப்பையையே நேரத்துக்கு எடுக்காத மன்றம் இணையத்தை எப்படி நடத்தும் என்றார். கைதட்டல் விழுந்தது, நியாயமான கைதட்டல்தான். அந்த மயக்கத்தில், தனியார் கம்பெனியின் லைன் நூற்றுக்கு நூறு என்றும், ஒருவர்கூட இதுவரை புகார் சொன்னதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மலர் எழுந்தாள். கையில் தாள் இல்லை.

“கமலநாதன் அண்ணே, உங்க நாற்காலிக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். பொன்னாடை நழுவியது.

“அது என்னோடது. சாக்கடைப் பாலத்துகிட்ட கிடந்துச்சு. இங்க முக்கால்வாசிப் பேர் அவங்கவங்க நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காங்க. நாங்க புகார எழுதித் தரல லா, ரோட்டுல போட்டு வெச்சோம். மன்றம்தான் லாரி அனுப்பி வாங்கிக்கிச்சு.”

மண்டபம் குலுங்கியது. மலர் மன்றத் தலைவர் என்சிக் ரஷீத்தின் பக்கம் திரும்பி, மலாயில் பணிவாகச் சொன்னாள்: எந்தெந்த வீட்டு நாற்காலிகளை எடுத்தோம் என்ற பட்டியல் லாரிக்காரர்களிடம் இருக்கிறது, கேபிள் எங்கே போட வேண்டும் என்று தனியாக ஆய்வு தேவையில்லை. பிறகு கமலநாதனிடம் வந்தாள்.

“குப்பை எடுக்கலன்னா யார் கதவத் தட்டணும்னு தெரியும் அண்ணே. கம்பெனிக்குப் போன் பண்ணா பாட்டுதான் போடுறான். அதுவும் பாதியில அறுந்துடுது.”

 கமலநாதன் அந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து மலரிடம் கொடுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டிருந்தார். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவர் கையும் மேலே இருந்தது. மன்றமே கேபிள் போடும் என்று முடிவானது. அதுவரை நாற்காலிகள் சாலையோரம் இருக்கலாம் என்று மலர் எழுத்தில் கேட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பாலத்தருகே வேலையைத் தொடங்கினாள். ஓர் அழைப்பும் அறுபடவில்லை.

எட்டு மாதமாகிறது. கேபிள் இன்னும் வரவில்லை.